பாலைமணல் ஓட்டமும் இலக்குச் சுடுதலும்: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளைகுடா நாடுகளின் பாலைவனப் பயணங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மணல்மேட்டில் வண்டி ஓட்டுவதும் துப்பாக்கி சுட்டுப் பழகுவதும் இளைஞர்களுக்கே உரியவை என்பதுபோல அதில் எழுதப்பட்டிருந்தது. மன்னார்குடி வட்டத்துக் கிராமம் ஒன்றில் வாழும், அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற, 61 வயதுப் பெண்ணாகிய நான், கடந்த தை மாதக் கடைசியில் ஷார்ஜாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இவ்விரண்டையும் செய்து பார்த்தேன். எங்கள் மாவட்டத்தில் ஏறத்தாழ எல்லாத் தெருவிலும் வளைகுடாவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடு ஒன்றாவது இருக்கிறது. திருச்சியில் விமானம் ஏறி அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும் உடன்பிறந்தோரும் இப்போதெல்லாம் பாலைவனத்தையும் பார்த்துவிட்டே திரும்புகிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் தந்து வெளியிட வேண்டுகிறேன்.

நாங்கள் போனது துபாயிலிருந்து ஹத்தா செல்லும் சாலையில், ஷார்ஜா அமீரகத்தைச் சேர்ந்த அல் பதாயர் என்னும் இடத்துக்கு. அங்குள்ள பெரிய செம்மணல் மேடு ஏறத்தாழ 100 மீட்டர் உயரம் என்று சொல்கிறார்கள். அதாவது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட உயரம். மணலில் கலந்துள்ள இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். விடியற்காலையில் புறப்பட்டோம். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது வெயிலுக்காக மட்டும் என்று எண்ணியிருந்தேன்; வழிகாட்டி அதற்கு வேறு இரண்டு காரணங்களும் சொன்னார். இரவுக் குளிரிலும் பனி ஈரத்திலும் மணல் சற்று இறுகியிருப்பதால் சக்கரம் எளிதில் புதைவதில்லை. அதைவிட முக்கியமானது, சூரியன் தாழ்ந்திருக்கும்போது மேடு பள்ளங்களின் நிழல் நீளமாக விழுவதால் மணலின் உருவம் கண்ணுக்குத் தெரிகிறது. உச்சிவெயிலில் நிழல் இல்லாமல் எல்லாம் ஒரே பரப்பாகத் தெரியும்போதுதான், எதிரே மேடு முடிந்து பள்ளம் தொடங்குவதை அறியாமல் பலர் விழுகிறார்களாம்.

தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் எங்களை ஏற்றிச் சென்ற ஜீப்பை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டார்கள். 35 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இருந்தது 15க்கு வந்தது. நாற்பது ஆண்டுகளாக டிராக்டர் ஓட்டும் என் கணவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நடவுக்கு முன் சேற்று உழவில் டிராக்டர் புதைந்துவிடாமலிருக்க கேஜ் வீல் என்னும் அகன்ற இரும்புச் சக்கரம் மாட்டுகிறோமே, அதே காரியம்தான் இது என்று அவர் சொன்னார். தரையில் படும் பரப்பு கூடினால் ஓரிடத்தில் அழுந்தும் பாரம் குறைகிறது. புதைந்தபின் சக்கரத்தை மேலும் சுழற்றினால் இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டு இறங்கும் என்பதும் இரண்டுக்கும் பொது. சேற்றில் வண்டி ஓட்டிப் பழகிய நம் ஊர்க்காரர்கள் மணலைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன்பின் நாங்களே ஓட்டும் வண்டிகளிடம் அழைத்துச் சென்றார்கள். இவற்றில் இரண்டு வகை உண்டு என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, பைக்கில் உட்காருவதுபோல் காலை இருபுறமும் போட்டு உட்கார்ந்து ஓட்டும் நான்கு சக்கர பைக். அதில் மேலே கூண்டு கிடையாது, கவிழ்ந்தால் வண்டி ஆள்மீதே விழும். மற்றொன்று பக்கி எனப்படும் வண்டி. கார்போல இருக்கையும் ஸ்டியரிங்கும் உண்டு, சுற்றிலும் இரும்புக் குழாய்க் கூண்டு உண்டு, இரு தோள்களையும் இடுப்பையும் சேர்த்துப் பிணைக்கும் வார்ப்பட்டையும் உண்டு. பார்வைக்கு முதல் வகை சிறியதாகவும் எளியதாகவும் தெரிவதால் பெண்களையும் சிறுவர்களையும் அதிலேயே ஏற்றிவிடுகிறார்கள். வயதானவர்களும் புதியவர்களும் இரண்டாவது வகையையே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதுகுத்தண்டில் தொல்லை உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இரண்டிலும் ஏறக்கூடாது.

டிவிஎஸ் 50 தவிர வேறெதையும் ஓட்டியறியாத நான் அந்த பக்கியை ஓட்டினேன் என்றால், அதற்குக் காரணம் ஏறுவதற்கு முன் வழிகாட்டி எங்களை மணலில் உட்காரவைத்துப் பேசிய இருபது நிமிடங்கள்தான். பெஷாவர்ப் பக்கத்தைச் சேர்ந்த அவர் உருதுவில் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை எங்களுக்குத் தமிழில் சொன்னார். மணல்மேட்டின் ஒரு பக்கம் சரிவு குறைவு, மறுபக்கம் செங்குத்து என்பதை அவர் கையால் மணலைக் குவித்தே காட்டினார். காற்று வீசும் பக்கத்தில் மணல் மெல்ல ஏறிச் சென்று, முகட்டைத் தாண்டியதும் மறுபுறம் சரிந்து விழுகிறது. உலர்ந்த மணல் ஏறத்தாழ 34 பாகைச் சரிவுக்கு மேல் நிற்காது என்பதால் அந்தப் பக்கம் எப்போதும் அந்த அளவிலேயே இருக்கிறது. கீழிருந்து ஏறுபவருக்கு இந்த மறுபக்கம் தெரியாது. எனவே முகட்டுக்குச் சற்று முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்; வழிகாட்டி முன்னே போய்ப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்திய பின்னரே தாண்ட வேண்டும். சரிவில் பக்கவாட்டாகத் திரும்பக் கூடாது, திரும்பினால் உருளும். ஏற முடியாமல் நின்றுவிட்டால், திருப்ப முயலாமல் வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்கிவிட வேண்டும். வண்டியை நிறுத்துவதானால் முன்பக்கம் கீழ்நோக்கியிருக்கும்படி நிறுத்த வேண்டும். அப்போதுதான் மறுபடி கிளம்பும்போது புதையாது. கவிழ்கிறது என்று தோன்றினாலும் கையைக் கூண்டுக்கு வெளியே நீட்டித் தரையை ஊன்றப் பார்க்கக் கூடாது. இதை மட்டும் மூன்று முறை சொன்னார். கை நசுங்குவது அப்படித்தான் என்றார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, எங்களையே திருப்பிச் சொல்லச் சொன்னார். முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் அந்த மனிதரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பிறகு சமதளத்தில் இரண்டு சுற்று ஓட்டவிட்டு, யார் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்த்து, தயங்கியவர்களைத் தமக்கு அடுத்ததாக நிறுத்திக்கொண்டார். முதலில் அவர் வண்டி, நடுவில் நாங்கள் ஒருவர் பின் ஒருவராக அவர் தடத்திலேயே, கடைசியில் அவருடைய உதவியாளர் வண்டி. ஒவ்வொரு வண்டியின் பின்னும் நீண்ட கம்பியில் கொடி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது; மேட்டுக்கு அந்தப்புறம் இருக்கும் வண்டியை இந்தப்புறமிருந்து காண்பதற்கான ஏற்பாடு அது. முதல் முகட்டைத் தாண்டி வண்டியின் முன்பக்கம் கீழே சாய்ந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது உண்மை. ஐந்தாவது முகட்டில் கண்ணெதிரே செம்மணல் அலையலையாய் விரிய, காலைக் காற்று முகத்தில் மோத, இந்த வயதில் இப்படி ஒரு மகிழ்ச்சி காத்திருந்ததே என்று நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

வழியில் மணலுக்கு நடுவே நின்ற ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு போகும்படி வழிகாட்டி கைகாட்டினார். அங்கே காஃப் என்று சொல்லும் அந்த மரம் ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரம். அருகில் போய்ப் பார்த்தபோதுதான் அது நம் வன்னி என்று தெரிந்தது. கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. அதன் வேர்ப்பகுதியில் வண்டி ஏறினால் மரம் பட்டுவிடும் என்று அந்த மனிதர் கவலைப்பட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இனி, இதற்கு நேர்மாறாக எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன் என் தம்பி மகன், சாலையோரத்தில் குறைந்த கட்டணத்துக்குக் கூப்பிட்ட ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு நான்கு சக்கர பைக்கில் ஏறினான். யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. வழிகாட்டி உடன் வரவில்லை. தலைக்கவசத்தின் கொக்கி உடைந்திருந்ததால் கயிற்றால் கட்டிக் கொடுத்தார்கள். வேகமாக ஏறிய பையன் முகட்டைத் தாண்டி அந்தரத்தில் போய் விழுந்ததில் காறை எலும்பு முறிந்தது. மருத்துவச் செலவுக்குப் பயணக் காப்பீட்டை நாடியபோது, பத்திரத்தில் சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டுள்ளன என்று ஒற்றை வரியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். பல காப்பீட்டுப் பத்திரங்களில் இந்த விலக்கு உண்டு. கூடுதல் தொகை கட்டினால் சேர்த்துக்கொள்ளும் பத்திரங்களும் உண்டு. ஊரிலிருந்து கிளம்பும்போதே படித்துப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் இது. நாங்கள் கொடுத்த கட்டணத்தில் பாதியைத்தான் அவன் கொடுத்திருந்தான் என்பதையும், மிச்சமானதைப்போல் பல மடங்கை மருத்துவமனைக்குக் கட்டினோம் என்பதையும் மனவருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

துப்பாக்கி சுடுதலுக்கு வருகிறேன். பாலைவனத்துக்குப் போன நாளுக்கு முந்தைய நாளே அதை முடித்துக்கொண்டோம். மணலில் ஸ்டியரிங்கைப் பிடித்துக் குலுங்கிய கை அன்று முழுவதும் நடுங்கும் என்பதால் இந்த வரிசைதான் நல்லது. ஷார்ஜாவிலுள்ள ஒரு சங்கத்தின் உள்ளரங்கில், அடையாள ஆவணத்தை வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பயிற்றுநரைத் தந்தார்கள். எனக்கு வாய்த்தவர் ஒரு பெண்மணி. துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் அவர் என்னை மனப்பாடம் செய்யவைத்தவை நான்கு: எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே கருத வேண்டும், அதன் வாய் இலக்கின் திசையைத் தவிர வேறெங்கும் திரும்பக் கூடாது, சுட முடிவு செய்யும்வரை விரல் விசைக்கு வெளியேதான் இருக்க வேண்டும், இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் சுடக் கூடாது. பள்ளியில் என்.சி.சி. மாணவர்களுக்கு இதையே சொல்லிக் கொடுத்ததைத் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் கையில் ஆயுதத்தை வைத்துக்கொண்டு கேட்கும்போது ஒவ்வொரு சொல்லின் எடையும் தெரிகிறது.

எனக்குக் கொடுத்தது .22 எனப்படும் 5.6 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி. அதிர்ச்சி குறைவானது என்பதால் புதியவர்களுக்கு அதையே தருகிறார்கள். காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். சுட்டவுடன் வெளியே தெறிக்கும் காலித் தோட்டா சூடாக இருக்கும். அது கழுத்துவழியாகச் சட்டைக்குள் விழுந்தால் பதறித் துப்பாக்கியோடு திரும்பிவிடுவோம் என்பதால், என் மகளிடம் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். முன்புறம் மூடிய செருப்பு அணிய வேண்டும் என்பதும் இதற்காகவே. இவ்வளவு நுணுக்கமாக அவர்கள் யோசித்து வைத்திருப்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

முதல் பத்துக் குண்டுகளும் இலக்கின் கீழே இடப்பக்கமாகவே போயின. வலக்கைக்காரர்கள் சத்தத்தை எதிர்பார்த்து, அது வருமுன்பே கையை இறுக்கிக் கீழே அழுத்துவதால் அப்படி ஆகிறதாம். பயிற்றுநர் எனக்குத் தெரியாமல் நடுவே குண்டில்லாத ஒரு போலித் தோட்டாவை வைத்தார். விசையை அழுத்தினேன், சத்தம் வரவில்லை, துப்பாக்கியின் முனை மட்டும் குனிந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அதன்பின் அவர் சொன்னபடி, இலக்கைப் பார்ப்பதை விட்டு முனையிலுள்ள குறியைப் பார்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையைப் பிழிவதுபோல மெல்ல அழுத்தினேன். அடுத்த பத்தில் ஆறு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை எதையும் சாப்பிட வேண்டாம் என்றார்கள். தோட்டாவிலுள்ள ஈயத்தூள் கையில் ஒட்டியிருக்கும். கையால் பிசைந்து பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டும் நம் போன்றவர்கள் இதை மறக்கவே கூடாது.

ஓர் எச்சரிக்கை. என் பேரன் ஒரு காலித் தோட்டாவை நினைவுப்பொருளாக எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டான். பயிற்றுநர் உறுதியாக மறுத்துவிட்டார். அவர் செய்தது பேருதவி. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி ஒரே ஒரு தோட்டாவை வைத்திருப்பதும் குற்றம். விமான நிலையச் சோதனையில் பையிலிருந்து தோட்டா கிடைத்து வழக்கில் சிக்கியவர்கள் உண்டு. காலித் தோட்டாவாக இருந்தாலும் விசாரணைக்கு உட்கார்ந்து விமானத்தைத் தவறவிட நேரும். துளை விழுந்த இலக்குத்தாளைக் கேட்டால் தருகிறார்கள். அதைக் கொண்டு வாருங்கள். என்னுடையது எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் இருக்கிறது.

அந்தச் சங்கத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, அமீரகத்துக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கிடைத்ததே துப்பாக்கி சுடுதலில்தான் என்றார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் இரண்டு களிமண் தட்டுகளைச் சுடும் இரட்டை டிராப் போட்டியில் ஷேக் அகமது அல் மக்தூம் தங்கம் வென்றார். அதே போட்டியில் வெள்ளி வென்றவர் நம் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர். பின்னர் 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம், 2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் என்று நமக்கும் இந்த விளையாட்டு வாரி வழங்கியிருக்கிறது. பாரிஸுக்குப் போன பிருத்விராஜ் தொண்டைமான் பக்கத்திலுள்ள புதுக்கோட்டையைச் சேர்ந்தவர். இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் 10 மீட்டர் தொலைவிலிருந்து ரைஃபிள் வீரர்கள் குறிவைக்கும் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், கடுகைவிடச் சிறியது. இதற்கு உடல்பலமோ பெரிய மைதானமோ தேவையில்லை. நீளமான ஓர் அறையும், 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கிகளும், கண்டிப்பான ஒரு பயிற்றுநரும் போதும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி அத்தகைய அறை ஒன்றாவது கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. விளையாட்டுத் துறையினர் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் துப்பாக்கியை முதலில் தொடும் இடம் இன்று திருவிழாக் கடைத்தெருவில் பலூன் சுடும் கடைதான். நானும் சிறுமியாக அங்கேதான் முதலில் சுட்டேன். அந்தக் கடைக்காரர்கள் ஏழைகள். ஊர் ஊராகத் தேரோட்டத்துக்கும் திருவிழாவுக்கும் அலைந்து பிழைப்பவர்கள். அவர்கள் கடையை மூடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பலகையில் பட்டுத் திரும்பும் ஈயக்குண்டு ஒரு குழந்தையின் கண்ணைப் பறித்துவிடக் கூடியது. பலூன்களுக்குப் பின்னால் வெறும் பலகைக்குப் பதில் சாக்கைத் தளர்வாகத் தொங்கவிட்டால் குண்டு அதிலேயே விழுந்துவிடும். துப்பாக்கியை மேசையோடு சிறு சங்கிலியால் பிணைத்துவிட்டால் கூட்டத்தின் பக்கம் திருப்ப முடியாது. சுடுபவருக்கு ஒரு கண்ணாடி, இருபுறமும் ஒரு கயிறு. திருவிழாவுக்குக் கடைபோட அனுமதி தரும் ஊராட்சிகளும் கோயில் நிர்வாகங்களும் இந்த நான்கையும் நிபந்தனையாக வைத்தால் கடைக்காரருக்குச் சில நூறு ரூபாய்க்குமேல் செலவு ஆகாது.

மணல் வண்டிகளை நம் கடற்கரைக்கும் கொண்டு வரலாமே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. மணல்மேடுகளில் அது வேண்டவே வேண்டாம். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வேர்விட்டுப் பிடித்துவைத்திருக்கும் மேடுகள், 2004 சுனாமியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாகப்பட்டினம் மாவட்டத்துக்குக் கரைபோல நிற்பவை. தை முதல் பங்குனிவரை பங்குனி ஆமைகள் வந்து முட்டையிடும் மணலும் அதுவே. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும் இவற்றை மிகுந்த பாதுகாப்புக்குரிய பகுதியில்தான் வைத்திருக்கிறது.

கோடை விடுமுறை நெருங்குவதால் தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய பயணங்களைப் பற்றி எழுதும்போது, கட்டணத்தோடு சேர்த்து, ஏறுமுன் சொல்லிக் கொடுக்கிறார்களா, எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, பின்னால் காவல் வண்டி வருகிறதா, தலைக்கவசம் அளவுக்குப் பொருந்துகிறதா, காப்பீடு யாருடையது என்பவற்றையும் கேட்டு எழுதுங்கள். பாலைவனத்துக்கு உகந்த மாதங்கள் ஐப்பசி முதல் மாசிவரை. சம்பா அறுவடை முடிந்த கையோடு போக முடிந்தவர்களுக்கு அது வாய்ப்பாக அமையும். பள்ளி விடுமுறையை நம்பியிருப்பவர்கள் மே மாதத்தில்தான் போக முடியும். அப்போது அங்கே வெயில் 40 பாகையைத் தாண்டிவிடும். அவர்கள் விடியற்காலைப் பயணத்தையே கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பகல் பதினொரு மணிக்கு ஏற்றிச் செல்கிறோம் என்று சொல்பவரிடம் பணம் கட்டாதிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.